ஓவிய வகுப்பு நடத்துகிறவர்கள் சோஷியல் மீடியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத சம்மர் கேம்ப் சீசன் முடிந்தால் போதும், என் ஃபீடு முழுக்க ஒரே மாதிரிப் போஸ்ட்கள். கவின்கலைக் கல்லூரியை இப்போதுதான் முடித்துவிட்டு, மொட்டை மாடியிலோ அபார்ட்மென்ட் ஹாலிலோ முதல் வகுப்பைத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் உற்சாகமாகப் போடுகிறார்கள். பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் செய்த அதே கோளாறுகள் இப்போது இன்ஸ்டாகிராமில் வரிசை மாறாமல் வருவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுக்காதே, எழுத்துப்பிழை பார், ஹேஷ்டேக்கைக் கொட்டாதே, இதையெல்லாம் ஊரே சொல்லியாயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

சொந்தக் கணக்கிலேயே வகுப்பையும் நடத்துவது

கல்லூரியில் மூன்றாம் வருடம் ஆளை நேரில் பார்த்து வரைந்த லைஃப் ஸ்டடி, நிர்வாண உருவப் பயிற்சிகள், நண்பர்களோடு மகாபலிபுரம் போன போட்டோ, அரசியல் கார்ட்டூன், நேற்று ஒன்றாம் வகுப்புப் பையன் கிரேயானில் வரைந்த யானை. எல்லாம் ஒரே கணக்கில். அட்மிஷன் கேட்டு வரும் அம்மா முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். ஓவியத்திலும் சிற்பத்திலும் நிர்வாணம் இருந்தால் இன்ஸ்டாகிராம் விதிகள் அனுமதிக்கின்றன, சரி. அந்த விதியைப் பெற்றோரிடம் படித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. லைஃப் ஸ்டடியை வரைந்தது தவறில்லை, அதை ஒளித்து வைக்கவும் தேவையில்லை, ஆனால் அதற்கு வேறு வாசல் வேண்டும்.

இரண்டு கணக்கு வைத்திருக்கிறேனே என்பவர்களும் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோர் எண்கள் எல்லாம் உங்கள் போனில் இருக்கும், உங்கள் எண் அவர்கள் போனில் இருக்கும். கான்டாக்ட் பட்டியலைப் பார்க்க ஆப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டால் உங்கள் சொந்தக் கணக்கை அது அவர்களுக்கே ‘இவரைத் தெரியுமா’ என்று காட்டும். கான்டாக்ட் சிங்க் செய்வதை நிறுத்துங்கள். உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது, அதையும் அணையுங்கள். வகுப்புக்கென்று தனி சிம் வாங்குவது இன்னும் நல்லது. ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு எண் வைத்துக்கொள்ளும் வசதி 2023 அக்டோபரில் அறிவித்த ஒன்றுதான், இரண்டு போன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் புரொஃபஷனல் கணக்கைப் பிரைவேட்டாக்க முடியாது. ஆகவே வகுப்புக் கணக்கு புரொஃபஷனலாக இருக்கட்டும், சொந்தக் கணக்கைச் சாதாரணமாகவே விட்டு பூட்டிவிடுங்கள்.

பிள்ளையையும் சேர்த்துப் போடுவது

இதைத்தான் நான் நிறையப் பேசப்போகிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

என்னிடம் சில காலம் உதவியாக இருந்துவிட்டுத் தனியாக வகுப்பு தொடங்கிய ஒரு பெண். கை நல்ல கை, பிள்ளைகளிடம் பொறுமையும் உண்டு. அவளிடம் படித்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒரு போட்டியில் மயில் வரைந்து பரிசு வாங்கினாள். இவள் என்ன செய்தாள், அந்தப் பிள்ளையைப் படத்தோடு நிற்க வைத்து போட்டோ எடுத்தாள். பிள்ளை பள்ளிச் சீருடையில், சட்டையில் பேட்ஜோடு நிற்கிறது. படத்தின் வலது கீழ் மூலையில், போட்டிக்கு எழுதச் சொல்வார்களே அதே மாதிரி, பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளியின் பெயர். கேப்ஷனில் மறுபடியும் முழுப் பெயர், கூடவே வகுப்பு நடக்கும் தெருவின் லொகேஷன் டேக். சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு வகுப்பு என்கிற விளம்பரம் அதே கணக்கில் இரண்டு போஸ்டுக்குக் கீழே.

அந்தப் பிள்ளையின் அம்மா கணவரின் அடி தாங்காமல் பிரிந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் வந்து குடியிருந்தவர். யாரோ ஒரு சொந்தக்காரர் கண்ணில் போஸ்ட் பட்டிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அந்தக் கணவர் வகுப்பு வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு அக்கம்பக்கத்தார் சேர்ந்ததால் கூச்சலோடு போயிற்று. ஆனால் அம்மாவும் மகளும் நடு வருடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு மறுபடியும் ஊர் மாற வேண்டியதாயிற்று.

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தப் போஸ்ட் கூட இல்லை. அப்புறம் பேசும்போது, “சார், அட்மிஷன் ஃபார்மில் சம்மதம் வாங்கியிருந்தேனே” என்றாளே, அதுதான். ஃபார்மின் கடைசியில் பொடி எழுத்தில் ‘வகுப்பு நிகழ்ச்சிகளின் புகைப்படங்கள் பயன்படுத்தப்படலாம்’ என்று ஒரு வரி. ஃபீஸ் கட்டுகிற அவசரத்தில் யார் அதைப் படிப்பார்கள்? அந்த அம்மா படித்திருந்தால் கூட, சுவரில் ஒட்டுவார்கள் போல என்றுதான் நினைத்திருப்பார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். எந்தப் படம், எங்கே, யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு மெசேஜில் கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளையிடமும் கேளுங்கள். ‘வேண்டாம் சார்’ என்று சொல்லும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம், நாம் கேட்பதில்லை என்பதால் அது நமக்குத் தெரிவதில்லை.

‘உடனே டெலீட் செய்துவிட்டேன்’ என்பதும் பதில் இல்லை. அதற்குள் பாட்டி அதை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார், ஸ்கிரீன்ஷாட் குடும்ப குரூப்பில் சுற்றும், உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று எடுத்துப் போட்டிருக்கும். அங்கெல்லாம் உங்கள் டெலீட் பட்டன் செல்லாது.

சரி, என்னதான் செய்வது? படத்தை மட்டும் போடுங்கள். தாளைத் தரையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராக எடுங்கள். ஓவியமும் கோணாமல் தெரியும். வலது கீழ் மூலையை கிராப் செய்யுங்கள், முடியாவிட்டால் எடுக்கும்போதே அந்த இடத்தில் ஒரு பிரஷ்ஷை வையுங்கள். போட்டித் தாளின் பின்புறத்தில் பெற்றோரின் போன் நம்பர் இருக்கும், அதைக் கேமரா பக்கமே திருப்பாதீர்கள். பிள்ளை வரைவதைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் கையும் தாளும் போதும், சட்டைக் கை தெரிந்தால் கூட சீருடையை வைத்துப் பள்ளியைச் சொல்லிவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அன்றைக்கே போடாமல் நாலைந்து நாள் கழித்துப் போடுங்கள்.

நம் தொழிலுக்கென்றே ஒரு வம்பு உண்டு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் கழன்றுவிடும். ஆனால் நாம் வண்ணம் மங்கக்கூடாது என்று டாக்குமென்டாக அனுப்புவோம், அப்போது அந்த விவரம் அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

பெயர் போடாவிட்டால் பிள்ளைக்குப் பெருமை எப்படி என்பார்கள். வகுப்பில் கண்காட்சி வையுங்கள், சுவரில் முழுப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், தாத்தா பாட்டியைக் கூப்பிடுங்கள். இணையத்தில் முதலெழுத்தும் வயதும் போதும். பெற்றோருக்கே போட ஆசை என்றால் போட்டோவை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் பிள்ளை, அவர்கள் கணக்கு.

மாணவர்களின் ஃபாலோ ரெக்வெஸ்ட்

சொந்தக் கணக்கில் ஏற்காதீர்கள். ப்ளஸ் டூ முடித்துப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

எல்லாப் பெற்றோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது

எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். ஒரே மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாத்தியார் கை பட்ட படத்தை மாணவர் படம் என்று போடுவது

எட்டு வயதுப் பிள்ளையின் நிலக்காட்சியில் தூரத்து மலை மட்டும் காற்றடித்த மாதிரி நீலமாகக் கரைந்து போகிறது என்றால், அதைப் போட்டது யார் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பெற்றோருக்குத் தெரியாது, அதனால்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கோ நன்றாகத் தெரியும். லைக் விழுந்தது தன் மரத்துக்கு இல்லை, சாரின் மலைக்குத்தான் என்பது அதற்கு உடனே புரிந்துவிடும், அடுத்த வாரம் வந்து ‘நீங்களே போட்டுக்கொடுங்க சார்’ என்று தாளை நீட்டும். திருத்தம் சொல்ல வேண்டுமானால் தனித் தாளில் வரைந்து காட்டுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி படம் வரைந்தவருக்கே முதலில் சொந்தம், வரைந்தவர் சிறுவர் என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. ஃபீஸ் வாங்கிச் சொல்லிக்கொடுத்தாலும் அப்படித்தான். வகுப்பு காலண்டரில் அச்சடிக்கவும், டி-ஷர்ட்டில் போட்டு விற்கவும் பெற்றோரைக் கேட்டாக வேண்டும்.

பார்த்து வரைந்ததைச் சொல்லாமல் விடுவது

பார்த்து வரைவது படிப்பின் பாதி, அதில் வெட்கமே வேண்டாம். ராஜா ரவிவர்மா 1906இல் மறைந்தார், அவர் படங்களின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஓவியர் இளையராஜா மறைந்தது 2021இல். நம் சட்டத்தில் ஓவியர் மறைந்து 60 வருடம் வரை உரிமை நீடிக்கும், அதாவது 2081 கடைசி வரை. அவருடைய ஜன்னலோரப் பெண்களை அப்படியே பார்த்து வரைந்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, ‘ஆர்டர் எடுக்கப்படும்’ என்றும் எழுதுகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். மாணவர்களும் அதைப் பார்த்துத்தான் பழகுவார்கள். யார் படத்தைப் பார்த்து வரைந்தது என்று கேப்ஷனின் முதல் வரியில் எழுதுங்கள், விற்காதீர்கள்.

அரசுப் பள்ளி வேலையில் இருந்துகொண்டு கட்டண வகுப்பு விளம்பரம்

அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்யக்கூடாது என்பது அரசு ஊழியர் நடத்தை விதி. உங்கள் ரீலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்புகிறவர் பெரும்பாலும் உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருப்பார்.

கமிஷன் ஓவிய (ஆர்டரின் பேரில் வரைந்து கொடுப்பது) விலையை கமெண்டில் பேசுவது

இன்பாக்ஸில் பேசுங்கள். பாதி முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதீர்கள்.