ரெசின் வார்ப்புக்காக காக்பிட் மாஸ்டர் செய்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல் விமானத்துக்கு, அலமாரியில் வைத்து அழகு பார்க்க ஒரு காக்பிட் (விமானி அமரும் அறை) செய்வதும், ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக்கான ரெசினில் நகல் எடுக்க ஒரு காக்பிட் செய்வதும் ஒரே வேலை இல்லை. முதலாவதில் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் போதும், பின்பக்கம் பட்டி வழிந்திருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டாவதில் நீங்கள் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டிலும் கம்பியிலும் கட்டியதன் மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றுவீர்கள், அது எல்லா இண்டு இடுக்கிலும் புகுந்து இறுகும், பிறகு கிழியாமல் கழன்று வர வேண்டும், அதன் பிறகு அந்தப் பள்ளங்களுக்குள் ரெசின் காற்றைத் தள்ளிவிட்டு நிரம்ப வேண்டும். மாஸ்டரை, அதாவது நகல்களுக்கு மூலமான அந்த முதல் பாகத்தை, செய்யும்போது ரப்பரையும் ரெசினையும் மறந்துவிட்டு விமானத்தை மட்டும் நினைப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

உதாரணத்துக்கு 1/48 அளவில் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் முதல் ரகம், மார்க் 1, அதன் காக்பிட்டை எடுத்துக்கொள்வோம்.

முதல் சறுக்கல் அளவில்தான். வரைபடத்தை 48-ஆல் வகுத்து, அந்த அளவுக்குத் தரை, பக்கச்சுவர், கருவிப் பேனல் எல்லாம் வெட்டி அருமையாகச் சேர்த்துவிட்டு, கடைசியில் கிட்டின் (கடையில் பாகங்களாக வாங்கும் மாடல் விமானத்தின்) உடற்பகுதிக்குள் வைத்தால் இரண்டு பாதியும் மூடாது. காரணம் எளிது. உண்மையான ஸ்பிட்ஃபயரின் அலுமினியத் தோல் ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், ஆனால் கிட்டின் பிளாஸ்டிக் சுவர் 1.2 மி.மீ. என்று வைத்தால் அது நிஜ அளவில் கிட்டத்தட்ட 58 மி.மீ. கனம். இரண்டு பக்கமும் சேர்த்தால் பதினொன்றரை சென்டிமீட்டர் போய்விடும், அதாவது விமானியின் தோள் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இருக்கிறது. அதனால் வரைபடத்துக்கு முன் கிட்டை அளக்க வேண்டும். வெர்னியர் அளவுகோலை எடுத்து உடற்பகுதியின் உள் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் குறித்துக்கொள்ளுங்கள், சுவரை எவ்வளவு தேய்த்து மெலிதாக்கலாம் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம்தான் கத்தி. சுவரைத் தேய்க்கும் வேலை உங்கள் வார்ப்பைப் பயன்படுத்தப் போகிறவருக்கும் வரும் என்பதை மறக்க வேண்டாம். கிட்டின் சுவரை 0.4 மி.மீ. வரை தேய்த்தால்தான் பொருந்தும் என்றால் பாதிப் பேர் ஓட்டை போட்டுவிடுவார்கள். ஒரு கம்பெனியின் கிட்டுக்குச் செய்தது இன்னொரு கம்பெனியின் கிட்டுக்குப் பொருந்தும் என்றும் நம்ப வேண்டாம், இரண்டுமே 1/48 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சரி.

அடுத்தது, எதைப் பார்த்துச் செய்கிறோம் என்பது. இணையத்தில் ஸ்பிட்ஃபயர் காக்பிட் என்று தேடினால் பளிச்சென்று வருவதெல்லாம் இன்றும் பறந்துகொண்டிருக்கும் புதுப்பிக்கப்பட்ட விமானங்களின் படங்கள். அவற்றில் இன்றைய ரேடியோ இருக்கும், இன்றைய சீட் பெல்ட் இருக்கும், விமானப் போக்குவரத்து விதிகளுக்காக வைத்த பெட்டிகள் இருக்கும். அதை அப்படியே 1940-க்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தக் காலத்து விமானிகளுக்கான கையேடு, ஏ.பி. 1565 என்ற வரிசை, இன்று மறுபதிப்பாகக் கிடைக்கிறது. அதில் இடப்பக்கம், பேனல், வலப்பக்கம் என்று எண் போட்டுக் காட்டியிருப்பார்கள், எந்தக் கைப்பிடி எதற்கு என்று தெரியும். ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் உள்ள கே9942, இன்று எஞ்சியிருப்பதிலேயே மிகப் பழைய ஸ்பிட்ஃபயர், அதன் படங்களும் உதவும். ஆனால் எதை எடுத்தாலும் மார்க் எண்ணைப் பாருங்கள். மார்க் 9-இன் படத்தை வைத்து மார்க் 1 செய்தால் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆரம்பகால மார்க் 1-இல் சக்கரத்தை மேலே இழுக்க வலப்பக்கம் நீண்ட பிடியுள்ள கைப்பம்பு இருந்தது, பிறகு வந்தவற்றில் எஞ்சினே ஹைட்ராலிக் பம்பை ஓட்டியது, அந்தப் பிடி போய்விட்டது.

இன்னொன்று, ஸ்பிட்ஃபயருக்கு முழுத் தரை கிடையாது. பெடல்களுக்குப் பின்னால் குதிகால் வைக்க இரண்டு நீளத் தட்டுகள், அவ்வளவுதான், சீட்டுக்குக் கீழே பார்த்தால் விமானத்தின் வயிறு வரை திறந்திருக்கும். பல கிட்களில் ஒரு தட்டையான தரையைக் கொடுத்திருப்பார்கள், அதை அளவுகோலாக எடுத்து மாஸ்டர் செய்பவர்கள் தவறையும் சேர்த்தே வார்க்கிறார்கள். கட்டுப்பாட்டுக் கம்பமும் அப்படித்தான். அது அடியிலிருந்து முன்னும் பின்னும் மட்டும் ஆடும், பக்கவாட்டு அசைவுக்கு மேல்பாதி மட்டும் தனி மூட்டில் சாயும். அடியிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்த்து ஒட்டியிருந்தால், பார்த்தவுடனே இவர் கையேட்டைத் திறக்கவே இல்லை என்று தெரிந்துவிடும்.

நுணுக்கம் எவ்வளவு வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சுமார் 80 மி.மீ. விட்டமுள்ள ஒரு டயல் 1/48-இல் 1.65 மி.மீ. வரும், அது சரி, செய்யலாம். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சுவிட்சின் முனை 0.1 மி.மீ. வரும், அதைச் சரியான அளவில் செய்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுப் பயனில்லை. ரெசின் அந்தப் பள்ளத்துக்குள் போகாது, போனாலும் அச்சைக் கழற்றும்போது முறிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும், அடுத்த நகலில் அந்த இடம் மொட்டையாக வரும். சுவிட்சை 0.25 மி.மீ. கம்பியில், உயரத்தைக் குறைத்து, அடிப்பாகம் கொஞ்சம் அகன்றதாகச் செய்யுங்கள். அளவுத் துல்லியம் கெட்டுப்போகிறதே என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் உங்கள் இருபதாவது நகலைக் காட்டுங்கள். டயலின் விளிம்பு வளையமும் அப்படித்தான், பெயிண்ட் அடித்த பிறகும் அது எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் நிஜத்தைவிடச் சற்றே தூக்கலாக இருக்க வேண்டும். மறுபக்கம், உடற்பகுதியை மூடிய பிறகு எந்தக் கோணத்திலும் தெரியாத இடத்தில் ஆணித் தலைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டுவதும் வீண்தான்.

பாகங்களை எப்படிப் பிரிப்பது என்பதை முதலிலேயே தாளில் வரைந்துகொள்ளாமல் கட்ட ஆரம்பிப்பது மிகவும் செலவு வைக்கும் தவறு. முழு காக்பிட்டையும் ஒரே துண்டாகக் கட்டிவிட்டு அதன் பிறகு இதை எப்படி வார்ப்பது என்று யோசித்தால் விடையே இருக்காது. இடது சுவர், வலது சுவர், பேனல், சீட், சீட்டுக்குப் பின்னால் உள்ள சட்டம், பெடல், கம்பம் என்று தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டையான பின்புறம் இருக்கும்படி பிரித்தால் பெரும்பாலானவற்றைத் திறந்த ஒற்றை அச்சிலேயே எடுத்துவிடலாம். சீட்டின் விளிம்பைக் காகிதம் போல மெலிதாக்கும் ஆசையை அடக்குங்கள். வெளிவிளிம்பை மட்டும் சரித்துத் தேய்த்தால் கண்ணுக்கு மெலிதாகத் தெரியும், உள்ளே கனம் இருப்பதால் ரெசின் தாராளமாக ஓடும். கம்பத்தின் தலையில் உள்ள வட்டப் பிடிக்கு ஒரு பழைய உத்தி உண்டு: வளையத்தின் நடுவே மெல்லிய ஒரு சவ்வை விட்டுவிடுங்கள். அரை மில்லிமீட்டர் வளையத்துக்குள் இரண்டு பக்கமிருந்தும் வரும் ரெசின் நடுவில் ஒரு குமிழியைச் சிறைவைப்பதுதான் வழக்கம், சவ்வு இருந்தால் ரெசின் அதன் வழியாகவே பாய்ந்துவிடும். பிறகு கத்தி முனையால் அதை வெட்டி எடுப்பது ஒரு நிமிட வேலை.

இப்போது அண்டர்கட், அதாவது அச்சைக் கழன்று வர விடாமல் பிடித்துக்கொள்ளும் உட்குழிவு. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, மெழுகு உருகி வெளியே போய்விடும், மண் அச்சை உடைத்துவிடுவார்கள், ஒவ்வொரு சிலைக்கும் ஒரு அச்சு. நமக்கோ ஒரே ரப்பர் அச்சிலிருந்து சில டஜன் நகல்கள் வர வேண்டும். சிலிக்கான் வளைந்து கொடுக்கும் என்பதால் சின்னச் சின்னக் குழிவுகளைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் பக்கச்சுவரில் ஒட்டிய கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தால் ரப்பர் அதன் அடியில் புகுந்து மறுபக்கம் கைகோத்துக்கொள்ளும். கழற்றும்போது ஒன்று கம்பி பிடுங்கிக்கொண்டு வரும் அல்லது ரப்பர் கிழியும். ஸ்பிட்ஃபயரின் சுவரெல்லாம் குழாயும் வயரும்தான், அதனால் இங்கே பொறுமை வேண்டும். ஒவ்வொரு கம்பியின் அடியையும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலாலோ நீர்த்த பட்டியாலோ நிரப்புங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னும் நிரம்பவில்லை. இரண்டு ஷீட்டுகள் சேரும் இடத்தில் முடியளவு விரிசல் இருந்தாலும் இதே கதைதான்.

ஸ்டைரீனை ஒட்டும் திரவப் பசையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கனம் வேண்டும் என்று மூன்று நான்கு ஷீட்டுகளை அடுக்கி ஒட்டுவார்கள், நடுவில் மாட்டிய பசை ஆவியாக வழியில்லாமல் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே இளக்கும், சில வாரம் கழித்து மேற்பரப்பு உப்பும் அல்லது குழியும். உள் அடுக்குகளில் சில துளைகள் போட்டு வையுங்கள், பசையைக் குறைவாக விடுங்கள், தேய்ப்பதற்கு முன் நாட்களை ஓட விடுங்கள். அவசரம் என்றால் சூப்பர் க்ளூ.

சிலிக்கானில் இரண்டு குடும்பம், டின் வகை, பிளாட்டினம் வகை. டின் வகை மலிவு, எதன் மேலும் இறுகும், ஆனால் நாளாக ஆகச் சுருங்கும். பிளாட்டினம் வகை அளவைக் காப்பாற்றும், ஆனால் தொட்டாற்சிணுங்கி: கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, டின் சிலிக்கானின் மிச்சம், சரியாக இறுகாத 3டி பிரிண்ட் ரெசின், இவற்றில் எது பட்டாலும் அந்த இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். இப்போது பலரும் டயல்களையும் பெட்டிகளையும் 3டி பிரிண்ட் எடுத்து மாஸ்டரில் சேர்க்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் நன்றாகக் கழுவி, ஒளியில் இறுக்கி, மேலே ஒரு பூச்சுக் கொடுத்து, முதலில் வேறொரு துண்டின் மேல் ஒரு சொட்டு சிலிக்கானை ஊற்றிப் பாருங்கள். மாஸ்டரின் மேல் நேராகப் பரிசோதனை செய்யாதீர்கள். ஸ்டைரீன் மாஸ்டர் முதல் அச்சைக் கழற்றும்போதே உடைந்துபோவது சகஜம், இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமலே போகலாம்.

பிரைமரைத் தவிர்க்காதீர்கள். வெள்ளை ஷீட், சாம்பல் பட்டி, செம்புக் கம்பி என்று பல நிறத்தில் இருக்கும்போது கீறல் எதுவும் தெரியாது, மெல்லிய சாம்பல் பிரைமர் ஒன்று அடித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கைரேகையைக்கூட சிலிக்கான் அப்படியே பிரதி எடுக்கும். ஆனால் தடிமனாக அடித்தால் 1.65 மி.மீ. டயல் வழுவழுவென்று ஆகிவிடும்.

ரெசின் ஊற்றும் கட்டையை, அதாவது ஊற்றும் வாயில் பாகத்தோடு சேர்ந்து இறுகி நிற்கும் மிச்சத்தை, எங்கே வைப்பது? பயன்படுத்துகிறவர் ரம்பத்தால் அறுக்கும் இடம் எந்த நுணுக்கமும் இல்லாத, மூடினால் தெரியாத விளிம்பாக இருக்க வேண்டும். பேனலின் மேல் விளிம்பில் வைத்தால் அறுக்கும்போது வளைவு போய்விடும். கீழ் விளிம்பில் வையுங்கள். கட்டைக்கும் பாகத்துக்கும் நடுவே ஒரு குறுகிய கழுத்து இருந்தால் அறுப்பதும் சுலபம்.

சிலிக்கானைப் பாகத்தின் மேலேயே கொட்டாமல், முதலில் தூரிகையால் நுணுக்கங்களின் மேல் ஒரு பூச்சுத் தடவி, பிறகு பெட்டியின் ஒரு மூலையில் மெல்லிய இழையாக ஊற்றினால் அது தானே ஏறி மூடும். பலர் தடுமாறும் விஷயம் அழுத்தம். ரப்பரைச் சும்மா இறுகவிட்டு, ரெசினை மட்டும் பிரஷர் பாட் என்ற அழுத்தக் கலத்துக்குள் வைத்தால், ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த குமிழிகள் நசுங்கி அந்த இடத்தில் ரெசின் உள்ளே தள்ளும், நகலில் வேர்க்குரு மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ரப்பரை வாக்குவத்தில் குமிழி நீக்கி ஊற்றுங்கள், அல்லது ரப்பரையும் ரெசினையும் ஒரே அழுத்தத்தில் இறுக விடுங்கள். 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம்) போல இருந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். அதற்காகச் சமையலறை குக்கரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது சுமார் 15 பிஎஸ்ஐ-க்குச் செய்தது, வெடிக்கும். பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் பிரஷர் டேங்க்தான் இதற்குப் பொதுவாகப் பயன்படுவது, அதிலும் எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு.

பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் எதிரி. ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பி நுரைக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் மிச்ச ரெசின் அடுத்த முறை பஞ்சாக வரும். மரக்குச்சியும் காகிதக் கப்பும் ஈரத்தை வைத்திருக்கும், பிளாஸ்டிக்கையே பயன்படுத்துங்கள். கலவை விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்று டப்பாவில் படியுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அறைக்கு வெளிக்காற்று வேண்டும், அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும், தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்தால் தூசி பறக்காது.

சுருக்கத்தையும் கணக்கில் வையுங்கள். நூற்றுக்கு அரைப் பங்கு சுருங்கினாலே 30 மி.மீ. நீளமுள்ள பக்கச்சுவரில் 0.15 மி.மீ. குறையும், ஒரு முறை என்றால் பரவாயில்லை, நகலிலிருந்து நகல் எடுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தலைமுறையும் குறையும். அதனால் முதல் அச்சிலிருந்து வரும் முதல் சில நல்ல நகல்களை விற்காமல் எடுத்து வையுங்கள். ஸ்டைரீன் மாஸ்டர் போய்விட்டாலும் இவை கெட்டியாக இருக்கும், அடுத்த அச்சுகளை எல்லாம் இவற்றிலிருந்தே எடுக்கலாம். அதற்கு முன்னால் அந்த நகல்களைக் கிட்டுக்குள் வைத்து, டேப் சுற்றி, இறக்கையையும் பொருத்திப் பாருங்கள். மூடவில்லை என்றால் ரெசின் நகலையே தேய்த்துத் திருத்தி அதைப் புது மாஸ்டராக வைத்துக்கொள்ளலாம், மற்ற பாகங்களுக்கு ரப்பர் வாங்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது, ரப்பர் மலிவாக விற்பதில்லை.