மென்பொருள் கட்டுரை எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்று அறிய

புள்ளியியல் மென்பொருள் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள் ஒரு கட்டுரை இணையத்தில் பெறும் கவனத்தை அளக்கும் ஆல்ட்மெட்ரிக் சேவையின் வண்ண வளையத்தின் நடுவில் உள்ள எண் சிறியதாக இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். செய்திகள், வலைப்பதிவுகள், சமூக ஊடகப் பதிவுகள் போன்றவற்றுக்கு வெவ்வேறு எடை கொடுத்து அந்த மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. மெண்டலி என்ற மேற்கோள் மேலாண்மைச் செயலியில் கட்டுரையைச் சேமித்திருக்கும் வாசகர்கள் அதில் சேருவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களும் சேருவதில்லை. நம் துறைக்கு இது பெரிய குறை. 2015-இல் 'ஜர்னல் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிகல் சாஃப்ட்வேர்' இதழில், கலப்பு விளைவு மாதிரிகள் என்ற புள்ளியியல் மாதிரிகளைப் பொருத்த உதவும் எல்எம்இ4 என்ற மென்பொருள் தொகுப்பைப் பற்றி வந்த கட்டுரையை உளவியல், சூழலியல், மொழியியல் ஆய்வாளர்கள் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். கலப்பு விளைவு மாதிரிகளைப் பற்றி எந்த நாளிதழ் எழுதப்போகிறது?

ஆகவே வளையத்தைச் சொடுக்கி உள்ளே செல்லுங்கள். மெண்டலி வாசகர்கள் எந்தத் துறையினர், மாணவர்களா பேராசிரியர்களா என்ற பகுப்பு அங்கே இருக்கும். என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே மிகப் பயனுள்ள பகுதி அதுதான். உங்கள் துறைக்கு வெளியே யார் படிக்கிறார்கள் என்பது தெரிந்தால், அடுத்த விளக்கக் கையேட்டை யாருக்காக எழுதுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கான தொகுப்பு என்றால், அதன் பதிவிறக்கங்களைக் கிரான்லாக்ஸ் என்ற கருவி காட்டும். ஆனால் அது ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான கிரானின் ஒரே ஒரு பிரதித் தளத்தின் கணக்கு. தானியங்கிச் சோதனைகளும், வேறு தொகுப்புகளுக்குத் துணையாக இறங்குவதும் அதில் அடங்கும். அதை வாசகர் எண்ணிக்கையாகக் காட்டாதீர்கள்.

தொகுப்பின் 'சைட்டேஷன்' கோப்பில் கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணை இன்றே சேர்த்துவிடுங்கள். எதை மேற்கோள் காட்ட வேண்டும் என்பதை, பயனர் citation() கட்டளையில் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், ஆர் தானே சொல்லிவிடும்.