மண்ணின் காந்தத்தை வைத்துப் பழைய மழையை ஊகிப்பது எப்படி

நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் மண்ணில் இரும்பு கரைந்து, மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுகளின் மிக நுண்ணிய துகள்களாக மறுபடி உருவாகும். மழை கூடினால், ஓரளவு வரைக்கும், இவையும் கூடும். சீனாவின் லோயஸ் (காற்றுப் புழுதிப் படிவு) பீடபூமியில் இது அழகாகத் தெரிகிறது: வறண்ட பனியுகக் காலங்களில் காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் புழுதி அடுக்குகளில் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் வைத்தால் எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) குறைவு, மழை கூடிய காலங்களில் உருவாகி இடையிடையே புதைந்து கிடக்கும் செம்பழுப்பு மண்ணில் அதைவிடப் பல மடங்கு.

சரி, வேலைக்கு வருவோம். மண்ணில் தோண்டிய குழியின் பக்கச்சுவரை நன்றாகச் சுரண்டிப் புது முகம் வந்த பிறகு, மேலிருந்து 5 அல்லது 10 செ.மீ.க்கு ஒரு மாதிரி எடுத்துக்கொண்டே போங்கள், மண்ணே ஆகாத அடித்தாய்ப்பொருள் வரும்வரை நிறுத்தாதீர்கள். கரண்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், துருப்பிடித்த இரும்பு ஒட்டினால் எல்லாம் பாழ். 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, எடை பார்த்து வைத்த 10 மி.லி. பிளாஸ்டிக் டப்பாவில் ஆடாமல் அடையுங்கள்.

காந்த ஏற்புத்திறன் கருவியில் அளக்கும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் வெறுங்காற்றை ஒருமுறை அளந்து கழிக்க வேண்டும், கருவியின் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். வந்த எண்ணை எடைக்கு வகுத்துவிடுங்கள். குறைந்த அதிர்வெண், அதைப்போல் பத்து மடங்கு அதிர்வெண் என இரண்டிலும் அளந்து, உயர் அதிர்வெண்ணில் அளவு எத்தனை சதவீதம் குறைகிறது என்று பாருங்கள்: 2-க்குக் கீழே என்றால் முதலில் சொன்ன அந்த நுண்துகள் கிட்டத்தட்ட இல்லை, 10-க்கு மேலே என்றால் பெரும்பாலும் அதுதான். என்னைக் கேட்டால், மொத்த அளவைவிட இந்தச் சதவீதத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஏனென்றால் மொத்த அளவு நன்றாகவே ஏமாற்றும். பாசால்ட் பாறையிலிருந்து வந்த மண் மழையே இல்லாவிட்டாலும் உயர்ந்த எண் காட்டும், அதனால்தான் அடித்தாய்ப்பொருளின் அளவைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் மழையோடு பொருத்துகிறார்கள். நீர் தேங்கிச் சாம்பல் நிறமாகிப் போன அடுக்கில் மேக்னடைட் கரைந்துவிடும், அங்கே குறைந்த எண்ணுக்கு வறட்சி என்று அர்த்தம் கிடையாது. காட்டுத்தீயும் எண்ணை ஏற்றிவிடும், கரித்துண்டு தென்படுகிறதா என்று பாருங்கள். அலாஸ்கா, சைபீரியா லோயஸில் கதை தலைகீழ்: பலத்த காற்று கனமான மேக்னடைட்டை அள்ளி வந்ததால் புழுதி அடுக்கில்தான் அளவு அதிகம்.

ஆகவே, ஒரு பகுதிக்குப் போட்ட மழைச் சூத்திரத்தை வேறிடத்தில் அப்படியே ஒட்டாதீர்கள். அதே வகைத் தாய்ப்பொருளில் உருவான இன்றைய மண்களை, மழையளவு தெரிந்த இடங்களிலிருந்து எடுத்து அளந்து உங்களுக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அடுக்கின் வயது காந்த ஏற்புத்திறனில் கிடைக்காது, அதற்கு ஒளிர்வுக் காலக்கணிப்பு (மணல் துகள் கடைசியாக வெயில் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அளப்பது) போன்ற ஒன்றைத் தனியாகச் செய்தாக வேண்டும்.