ஆர்.எஃப்.சி. படிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டியவை

தர்மபுரியில் மாலை நேரங்களில் நெட்வொர்க்கிங் சொல்லிக்கொடுக்கிறேன். பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் ஓசூர் வேலையை மனதில் வைத்து வருகிறவர்கள். இணையத்தின் விதிகளை எழுதிவைத்திருக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களைப் படிக்கச் சொன்னால் மறுக்காமல் படிக்கிறார்கள். படிக்கிற விதத்தில்தான் சிக்கல்.

ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக

வேண்டாம். முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் யு.டி.பி. முறைக்கான ஆர்.எஃப்.சி. 768-இல் தொடங்குங்கள். மூன்றே பக்கம்.

காலாவதியானதைப் படிப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. தரவு தொலையாமல் வரிசையாகப் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் டி.சி.பி. என்றதும் எல்லோரும் 793-ஐத்தான் எடுக்கிறார்கள். 1981 செப்டம்பரில் வந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அடிக்கோடிட்டுக் கொண்டுவருவார்கள். 2022 ஆகஸ்டில் வந்த 9293 அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. வெளியான ஆர்.எஃப்.சி.யின் உள்ளடக்கத்தை மாற்றமாட்டார்கள் என்பதால், 793-இன் மூலப் பிரதியில் எங்கே தேடினாலும் இந்தச் செய்தி கிடைக்காது. ஆர்.எஃப்.சி. எடிட்டர் தளத்தில் அந்த எண்ணுக்கான தகவல் பக்கத்தில் 'அப்சொலீட்டட் பை' (இதன் இடத்தைப் பிடித்தது எது), 'அப்டேட்டட் பை' (இதைத் திருத்தியது எது) என்று இருக்கும். அங்கே பார்த்துவிட்டுப் பிரிண்ட் போடுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலை இறுக்குகிறேன் என்று 793-ஐ வைத்து ஒரு விதி எழுதினான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டு) தரவுக்கு முன்னால் வரும் டி.சி.பி. ஹெடரில் ஆறு பிட் 'ரிசர்வ்டு' (பின்னாளுக்கு ஒதுக்கியது), பூஜ்யமாகவே இருக்க வேண்டும் என்கிறது அது. பூஜ்யம் இல்லாத பாக்கெட்டையெல்லாம் தடுத்துவிட்டான். ஆனால் 2001-இல் வந்த 3168, அந்த ஆறில் இரண்டை நெரிசலைத் தெரிவிக்கும் இ.சி.என். வசதிக்கு எடுத்துக்கொண்டது. அந்த வசதியைக் கேட்கும் கணினி, இணைப்பைக் கேட்டு அனுப்பும் முதல் பாக்கெட்டான சின்னிலேயே இரண்டு பிட்டையும் 1 ஆக வைத்து அனுப்பும். விளைவு: சில லேப்டாப்புகளுக்கு மட்டும் சர்வர் திறக்கவில்லை. பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பக்கம் வரவில்லை. கேபிளை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள். கடைசியில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் சின்னைப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

"ஆர்.எஃப்.சி.லயே இருக்கு சார்" என்றான். இருக்கிறதுதான். மிச்சமுள்ள நான்கு பிட்டையும் அனுப்பும்போது பூஜ்யமாக வை, உனக்குத் தெரியாதது வந்தால் கண்டுகொள்ளாதே என்கிறது 9293. அந்தப் பின்பாதி 793-இல் இல்லை.

இதேபோல், வெப் பக்கங்களுக்கான ஹெச்.டி.டி.பி.க்கு 2616-ஐ விட்டு 9110, இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐ.பி.வி.6-க்கு 2460-ஐ விட்டு 8200 படியுங்கள். அதற்காகப் பழசெல்லாம் குப்பை என்று நினைக்க வேண்டாம்; அதன் பழைய பதிப்பான ஐ.பி.வி.4-க்கு 1981-இன் 791 இன்றும் நடப்பில் இருக்கிறது.

மஸ்ட்டும் ஷுட்டும் ஒன்று என்று நினைப்பது

ஆர்.எஃப்.சி.யில் 'மஸ்ட்' என்றால் கட்டாயம்; 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம். இந்தச் சொற்களை விளக்கும் 2119, 8174 இரண்டையும் படியுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

எண் இருந்தாலே தரநிலை என்று நம்புவது

'இன்ஃபர்மேஷனல்' (தகவலுக்காக), 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனைக்காக) என்று தலைப்பகுதியில் போட்டிருக்கிறதா பாருங்கள். தேதியையும் பாருங்கள். 1990 ஏப்ரல் 1 தேதியிட்ட 1149, பாக்கெட்டைப் பறவையின் காலில் கட்டி அனுப்பச் சொல்கிறது.

வெறும் தாளை மட்டும் படிப்பது

ஐ.பி. முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் ஏ.ஆர்.பி.க்கான 826-ஐப் படிக்கும்போது, லேப்டாப்பில் ஏ.ஆர்.பி. அட்டவணையை அழித்துவிட்டு ரூட்டரைப் பிங் செய்யுங்கள். கேள்வியும் பதிலும் வயர்ஷார்க்கில் வந்து நிற்கும்.