நார்வே கரையோரக் கப்பல்: முழுத் தூரமும் போக வேண்டியதில்லை

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் வேலூர்ப் பெற்றோருக்கு நான் மனதாரச் சொல்வது, நார்வே கரையோரக் கப்பலில் ஒரு பகலாவது போய்விடுங்கள். தெற்கே பெர்கன் முதல் வடக்கே கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்களைத் தொடும் இந்தக் கப்பல் சேவை 1893-இல் இதைவிடக் குறுகிய தடத்தில் தொடங்கியது. முழுதாகப் போய்வர 12 நாள் ஆகும், செலவும் மிக அதிகம். ஆனால் பஸ் மாதிரி இடையில் ஏறி இறங்கவும் டிக்கெட் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஒரு பகல்தான் என்றால், தெற்கு நோக்கி வரும் கப்பலில் வட நார்வேயின் ஹார்ஸ்டாட்டில் காலையில் ஏறி மாலை ஸ்வோல்வாரில் இறங்குங்கள். நடுவில் ராஃப்ட்சுண்ட் என்ற குறுகிய நீர்வழி வரும். இருபக்கமும் மலை செங்குத்தாக நிற்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்காதீர்கள், மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். பகல் பயணத்துக்கு அறை எடுக்கத் தேவையில்லை, பொதுக்கூடத்திலேயே உட்காரலாம். ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. ஆனாலும் காற்று குளிரும், நம் ஊர் ஸ்வெட்டர் தாங்காது. காற்றுப் புகாத ஜாக்கெட்டும் குல்லாவும் அவசியம்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கே தலை சுற்றுபவர்கள் வெஸ்ட்ஃபியோர்டு போன்ற திறந்த கடல் பகுதியைத் தவிர்ப்பது நல்லது. போவதானால், மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, குமட்டல் வருமுன்பே போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பாவும் கையில் இருக்கட்டும். அப்புறம், நார்வேக்கு ஷெங்கன் விசா வேண்டும், கோடையில் போக நினைத்தால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.