வானியல் மென்பொருள் திணறுகிறதா? ஸ்டெல்லேரியம், செலஸ்டியா இரண்டிற்குமான கிராபிக்ஸ் அமைப்புகள்

இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் திறந்தவுடன் மூடிக்கொண்டாலோ, வானம் விட்டுவிட்டு நகர்ந்தாலோ, புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்ற முடிவுக்குப் பலரும் அவசரப்பட்டு வந்துவிடுகிறார்கள். இந்த மென்பொருள் வானத்தை வரைவதற்கு ஓப்பன்ஜிஎல் என்னும் இடைமுகத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே அது திறக்குமா என்பதை முடிவு செய்வது கார்டின் வேகமல்ல, கார்டின் டிரைவர் (கார்டை இயக்க உதவும் மென்பொருள்) ஓப்பன்ஜிஎல்லின் எந்தப் பதிப்பைத் தருகிறது என்பதே. குறைந்தபட்சம் 2.1 வேண்டும், 3.3 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது.

படி 1: வரைவது யார் என்று கண்டறியுங்கள்

மென்பொருள் திறக்கிறது என்றால், எஃப்1 விசையை அழுத்தி, உதவிச் சாளரத்தில் உள்ள பதிவுத் தாவலைப் பாருங்கள். திறக்கவே இல்லை என்றால், உங்கள் பயனர் கோப்புறையில் ஸ்டெல்லேரியம் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பில் அதே விவரம் கிடைக்கும். அதில் ஓப்பன்ஜிஎல் பதிப்பு, ரெண்டரரின் (படத்தை உண்மையில் வரையும் சில்லு அல்லது நிரல்) பெயர் ஆகிய இரண்டு வரிகளை மட்டும் தேடினால் போதும்.

ரெண்டரர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் ஜிடிஐ ஜெனரிக்’ என்று இருந்தால், விண்டோஸ் உங்கள் கார்டைப் பயன்படுத்தவே இல்லை. தன்னிடம் உள்ள 1.1 பதிப்பை வைத்துச் சமாளிக்கிறது என்று பொருள். விலையுயர்ந்த கார்டு பொருத்திய கணினியிலும், உரிய டிரைவரை நிறுவாவிட்டால் இதே பெயர்தான் தென்படும். லினக்ஸில் ‘எல்எல்விஎம்பைப்’ என்ற பெயரைக் கண்டால், படம் முழுவதையும் கணினியின் மையச் செயலியே (சிபியு) வரைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 2: டிரைவரைச் சரிசெய்யுங்கள்

விண்டோஸ் தானாக நிறுவும் டிரைவரோடு நின்றுவிடாமல், கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் இருந்தால், விண்டோஸ் அமைப்புகளில் காட்சி என்ற பகுதிக்குள் உள்ள கிராபிக்ஸ் பக்கத்தில் ஸ்டெல்லேரியத்தைச் சேர்த்து, உயர் செயல்திறன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் முதல் படிக்குத் திரும்பி, ரெண்டரரின் பெயர் மாறிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 3: பழைய கணினிக்கு மாற்று வழி

இன்டெல் ஜிஎம்ஏ 950 போன்ற பழைய சில்லுகள் ஓப்பன்ஜிஎல் 1.4 வரைதான் தருகின்றன. விண்டோஸில் எந்த டிரைவரும் அவற்றை 2.1-க்கு உயர்த்தாது. விண்டோஸ் 7 முதல் இயங்கும் ஸ்டெல்லேரியம் பதிப்பை நிறுவினால், தொடக்கப் பட்டியலில் ஏங்கிள் முறை, மீசா முறை என்ற இரண்டு குறுக்குவழிகள் இருக்கும். ஏங்கிள் முறை, வரைதல் கட்டளைகளை விண்டோஸின் சொந்த கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்3டி-க்கு மாற்றித் தருவதால், ஓப்பன்ஜிஎல் டிரைவர் மட்டும் மோசமாக உள்ள கணினிகளுக்கு ஏற்றது. மீசா முறையில் எல்லாச் சுமையும் மையச் செயலியின் மேல் விழும். மெதுவாக இருந்தாலும் ஓடும். ஆனாலும் அதை நான் கடைசி வழியாகவே பரிந்துரைப்பேன்.

படி 4: ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்

கீழ்ப்பட்டையில் நொடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்ற எண் தெரியும். சில நொடிகள் நீங்கள் எதையும் தொடாமல் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த மென்பொருளே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இயல்பு அமைப்பில் அது 18 என்ற அளவுக்கு இறங்குவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. வானத்தைச் சுட்டியால் இழுத்துக்கொண்டிருக்கும்போது தெரியும் எண்ணே உண்மையான அளவுகோல்.

முதலில் ஏ விசையால் வளிமண்டலத்தை அணையுங்கள். அடுத்து ஜி விசையால் தரைக்காட்சியை நீக்குங்கள். அதன்பின் எஃப்4 சாளரத்தில் விண்மீன்களின் பொலிவெண்ணுக்கு (விண்மீன் எவ்வளவு மங்கலானது என்பதைக் காட்டும் எண்) வரம்பு வையுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது மங்கலான விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்வதை இந்த வரம்பு தடுக்கும். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

படி 5: செலஸ்டியாவில் மேற்பரப்புப் படங்கள்

விண்வெளியில் கோள்களுக்கு அருகே பறந்து செல்வதுபோல் காட்டும் செலஸ்டியாவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோள்களின் அருகே செல்லும்போது திரை உறைந்தால், பெரும்பாலும் காரணம் மேற்பரப்புப் படங்களின் அளவுதான். வட்டில் சில மெகாபைட் மட்டுமே பிடிக்கும் ஜேபெக் கோப்பு, கிராபிக்ஸ் நினைவகத்தில் முழுமையாக விரிந்துவிடுகிறது. 8192 × 4096 பிக்சல் கொண்ட படத்துக்கு, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 128 மெகாபைட் தேவை; தொலைவிலிருந்து பார்ப்பதற்கான சிறிய நகல்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 171 மெகாபைட் ஆகும். அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் இந்தத் தொகை நான்கு மடங்காகும். பூமிக்கோ நிலப்பரப்பு, மேகம், இரவு விளக்குகள் எனத் தனித்தனிப் படங்கள் உண்டு.

ஆகவே ஆர் விசையை அழுத்திப் படங்களின் தரத்தை ஒரு படி இறக்குங்கள். ஷிஃப்டுடன் அதே விசையை அழுத்தினால் தரம் மீண்டும் ஏறும். கூடுதல் படங்களைப் பதிவிறக்குவதாக இருந்தால், ஜேபெக்கை விட டிடிஎஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். டிஎக்ஸ்டி முறையில் சுருக்கிய டிடிஎஸ் படம் நினைவகத்திலும் சுருங்கிய நிலையிலேயே இருப்பதால், மேலே சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான் பிடிக்கும். நிற மாற்றங்கள் சற்றுத் திட்டுத்திட்டாகத் தெரியலாம் என்பது மட்டுமே அதன் குறை. வியாழனின் பட்டைகளில் அது கொஞ்சம் கண்ணுக்குப் படும், நிலவில் அநேகமாகப் படாது.