எப்போதாவது பறப்பவர்கள் பயண கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை மட்டுமே விமானம் ஏறும் இந்தியக் குடும்பங்களை மனத்தில் கொண்டு இந்த விளக்கம் எழுதப்படுகிறது. அலுவல் நிமித்தம் மாதம் இருமுறை பறப்பவருக்கு நன்மை தரும் அட்டை, கோடை விடுமுறைக்கும் ஓர் உறவினர் திருமணத்துக்கும் மட்டும் பறப்பவருக்கு நட்டமாகவே முடியலாம். விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஆகவே, ஆண்டுக் கட்டணமே இல்லாத சாதாரண கேஷ்பேக் அட்டை (செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தருவது) ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதைவிடக் கூடுதலாகத் தரும் பயண அட்டையை மட்டுமே பரிசீலிப்பது என்ற முறையை இங்கே பின்பற்றுவோம்.

தொடங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. மாத பில்லை முழுமையாகக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் மட்டுமே மேற்கொண்டு படிப்பது நல்லது. நிலுவை வைத்தால் பல வங்கிகள் மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம் வரை, அதாவது ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம் வரை வட்டி வசூலிக்கின்றன. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். செலவில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் திரும்பத் தரும் புள்ளிகள் இந்த வட்டிக்கு எந்த வகையிலும் ஈடாகா.

முதல் படி: புள்ளி கிடைக்கும் செலவைக் கணக்கிடுதல்

கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, அட்டை வழியாகச் செலுத்தக்கூடிய செலவுகளை மட்டும் கூட்டிக்கொள்ளவும். அதிலிருந்து பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் ஏற்றும் பணம், மாதத் தவணையாக மாற்றிய செலவு ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். பெரும்பாலான அட்டைகள் இவற்றுக்குப் புள்ளி தருவதில்லை. காப்பீட்டு பிரீமியம், மின் கட்டணம், கல்விக் கட்டணம், நகை ஆகியவற்றில் விதி வங்கிக்கு வங்கி மாறுபடுகிறது. மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து செலுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யுபிஐ செயலிகளில் ரூபே கிரெடிட் கார்டுகளை மட்டுமே இணைக்க முடியும் என்பதால், விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை வாங்கினால் அந்தச் செலவு முழுவதும் கணக்கில் வராது.

திருச்சியில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயை அட்டையில் செலவிடுகிறார்கள். மேற்கண்ட கழிவுகள் 60,000 ரூபாய். எனவே புள்ளி கிடைக்கும் செலவு 2,40,000 ரூபாய் மட்டுமே.

இரண்டாம் படி: புள்ளியை ரூபாயாக மாற்றிப் பார்த்தல்

“ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் 4 புள்ளிகள்” என்ற வாசகம் அதன் அளவில் எதையும் சொல்வதில்லை. ஒரு புள்ளி எத்தனை காசு என்று தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும். அந்த மதிப்பும் ஒரே அட்டையில் பயன்படுத்தும் வழியைப் பொறுத்து மாறும். வங்கியின் பயணத் தளத்தில் விமானச் சீட்டு எடுத்தால் 50 காசாக இருக்கும் புள்ளி, பில்லில் கழித்துக்கொள்ளும்போது 20 காசாகக் குறைவது வழக்கமான ஏற்பாடுதான்.

நமது குடும்பம் இப்படிப்பட்ட அட்டையில் 2,40,000 ரூபாய் செலவிட்டால் 6,400 புள்ளிகள் சேரும். விமானச் சீட்டுக்குப் பயன்படுத்தினால் 3,200 ரூபாய். பில்லில் கழித்தால் வெறும் 1,280 ரூபாய். அதே செலவுக்கு, ஆண்டுக் கட்டணமில்லாத அமேசான் பே ஐசிஐசிஐ அட்டை போன்ற ஒன்று பொதுச் செலவுகளுக்குத் தரும் 1 சதவீதத்தின்படி 2,400 ரூபாயைத் திருப்பித் தரும். அதை எந்தப் பயணத் தளத்திலும் செலவழித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வங்கித் தளத்தில் காட்டப்படும் கட்டணத்தை, அதே நாள், அதே விமானத்துக்கு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் காட்டப்படும் கட்டணத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். சீட்டு விலை வங்கித் தளத்தில் 300 ரூபாய் கூடுதலாக இருந்து, புள்ளியைப் பயன்படுத்துவதற்கென ஒரு கட்டணமும் சேர்ந்தால், 50 காசு என்று சொல்லப்பட்ட புள்ளி உண்மையில் அவ்வளவு பெறாது. புள்ளிகளின் ஆயுளையும் பார்த்துக்கொள்ளவும். அடிக்கடி பறப்பவருக்கு இரண்டு ஆண்டுக் காலாவதி ஒரு பொருட்டல்ல. எப்போதாவது பறப்பவருக்கோ புள்ளிகள் ஒரு சீட்டுக்குப் போதுமான அளவை எட்டும் முன்னரே பழையவை காலாவதியாகத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: கட்டணத்தைக் கழித்தல்

மேற்சொன்ன பயண அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஜிஎஸ்டியுடன் 2,950 ரூபாய் ஆகும். 3,200 ரூபாயிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது 250 ரூபாய். அளவுகோலாக எடுத்த இலவச அட்டை தருவது 2,400 ரூபாய். இங்கேயே பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது.

“ஆண்டுக்கு 4 லட்சம் செலவிட்டால் கட்டணம் தள்ளுபடி” என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். புள்ளி கிடைக்கும் செலவே 4 லட்சம் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், பயண அட்டை 5,333 ரூபாயும் இலவச அட்டை 4,000 ரூபாயும் தரும். இந்த 1,333 ரூபாய் வேறுபாட்டுக்காகத் தேவையில்லாத பொருளை வாங்கி இலக்கை எட்டுவதில் எந்த அர்த்தமும் இல்லை. சேரும்போது தரப்படும் பரிசு வவுச்சரை முதல் ஆண்டுக் கணக்கில் மட்டும் சேர்த்து, முடிவை இரண்டாம் ஆண்டுக் கணக்கின்படி எடுக்கவும். மேலும், “முதல் ஆண்டு இலவசம்” என்பதும் “வாழ்நாள் இலவசம்” என்பதும் வேறு வேறு. வணிக வளாகங்களில் மேசை போட்டு விற்பவர்கள் இரண்டையும் “இலவசம்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதுண்டு.

நான்காம் படி: லவுஞ்ச் வசதியை அளவோடு மதித்தல்

உணவு வசதியுள்ள தனிக் காத்திருப்பு அறையான விமான நிலைய லவுஞ்சுக்காகவே அட்டை வாங்குபவர்கள் பலர். ஆண்டுக்கு இருமுறை பறப்பவருக்கு அதன் மதிப்பு, லவுஞ்ச் இல்லாவிட்டால் அவர் வெளியே சாப்பிட்டிருக்கக்கூடிய சிற்றுண்டியின் விலைதான். அதைவிட முக்கியமானது, லவுஞ்சுக்குள் இலவசமாகச் செல்ல வங்கி விதிக்கும் செலவு நிபந்தனை. எச்டிஎஃப்சி வங்கி 2023 டிசம்பரில் தனது ரெகாலியா அட்டைக்கு ஒரு காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவு என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் பல அட்டைகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் என்ற நிபந்தனையை விதித்தது. இத்தகைய தொகைகள் பின்னரும் மாற்றப்படுகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைப் பார்க்க வேண்டும்.

“முந்தைய காலாண்டு” என்ற விதியைக் கூர்ந்து படிக்கவும். மே மாத விடுமுறைப் பயணத்துக்கு லவுஞ்ச் வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான செலவு அந்த அளவை எட்டியிருக்க வேண்டும். ஜூனில் கட்டும் பள்ளிக் கட்டணம் அந்தப் பயணத்துக்கு உதவாது. குடும்பமாகச் செல்பவர்கள், ஓர் அட்டைக்குப் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே இலவசமாக அனுமதிக்கப்படுவார் என்பதையும் நினைவில் கொள்ளவும். மனைவியையும் பிள்ளைகளையும் வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் உப்புமா சாப்பிடுபவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: வெளிநாட்டுச் செலவு இருக்கிறதா?

எப்போதாவது பறப்பவருக்கு ஒரு பயண அட்டை உண்மையாகவே உதவும் இடம் இதுதான். பெரும்பாலான இந்திய அட்டைகள் அந்நியச் செலாவணிச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. ஜிஎஸ்டி சேர்த்தால் அது 4.13 சதவீதமாகிறது. நமது திருச்சிக் குடும்பம் சிங்கப்பூர் சென்று 1 லட்சம் ரூபாய் மதிப்புக்குச் செலவிட்டால் 4,130 ரூபாய் இப்படியே போய்விடும். ஓராண்டு முழுவதும் சேர்த்த கேஷ்பேக்கைவிட இது அதிகம்.

இந்தக் கட்டணமே இல்லாத அட்டைகள் உள்ளன. 2023 இல் அறிமுகமான ஃபெடரல் வங்கியின் ஸ்கேபியா அட்டை அவற்றுள் ஒன்று. அதற்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. ஆனால் அதில் சேரும் காயின் எனப்படும் புள்ளிகளை, ஐந்துக்கு ஒரு ரூபாய் என்ற மதிப்பில், ஸ்கேபியா செயலியிலேயே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டியிருப்பதால், இரண்டாம் படியில் சொன்ன விலை ஒப்பீடு இங்கும் தேவை. எந்த அட்டையாக இருந்தாலும், வெளிநாட்டுக் கடையில் “ரூபாயில் செலுத்தவா, உள்ளூர் நாணயத்திலா” என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்வு செய்யவும். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்தக் கடைக்காரரின் சேவை நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துவிடும்.

வெளிநாட்டுப் பயணம் இருந்தால் செலாவணிக் கட்டணமில்லாத இலவச அட்டை, இல்லையென்றால் இலவச கேஷ்பேக் அட்டை என்பதே இந்தப் பிரிவினரில் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை.

ஆறாம் படி: ஒரே விமான நிறுவனத்தின் அட்டையைப் பற்றி எச்சரிக்கை

விமான நிறுவனமும் வங்கியும் சேர்ந்து வெளியிடும் அட்டையின் புள்ளிகள் அந்த நிறுவனத்தின் வாழ்வோடு பிணைந்தவை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதன் பெயரில் இருந்த அட்டைகளும் முடிவுக்கு வந்தன. உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன என்றாலும், எந்தச் சேவைக்காக அந்த அட்டையைத் தேர்ந்தெடுத்தார்களோ அது இல்லாமல் போனது. உங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து அந்த நிறுவனம் நீங்கள் செல்லும் ஊருக்கு நேரடியாகப் பறக்கிறதா என்பதையும், இலவசச் சீட்டு என்று சொல்லப்படுவதில் வரிகளை யார் செலுத்துவது என்பதையும் பார்த்த பிறகே இத்தகைய அட்டையை எண்ணிப் பார்க்கலாம்.

ஏழாம் படி: விண்ணப்பமும் வெளியேறும் வழியும்

விண்ணப்பத்துக்கு முன் வங்கியின் இணையதளத்தில் உள்ள முக்கிய விதிமுறைகள் ஆவணத்தைத் தரவிறக்கி, கட்டணம், வட்டி, புள்ளி கிடைக்காத செலவுகள் ஆகிய பகுதிகளை மட்டுமாவது படிக்கவும். ஒரே மாதத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு விசாரணையும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஒன்றின் முடிவு தெரிந்த பிறகு அடுத்ததற்குச் செல்லவும்.

அட்டை பொருந்தவில்லை என்றால் மூடிவிடலாம். ரிசர்வ் வங்கி 2022 இல் கொண்டுவந்த விதியின்படி, நிலுவை எதுவும் இல்லாத நிலையில் மூடக் கோரினால் 7 வேலை நாள்களுக்குள் வங்கி அதைச் செய்ய வேண்டும். தவறினால், கணக்கு மூடப்படும்வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். அடுத்த ஆண்டுக் கட்டணம் பில்லில் ஏறும் மாதத்துக்கு முந்தைய மாதத்திலேயே கோரிக்கையை அனுப்புவதும், அதற்கு முன்பாகவே மீதமுள்ள புள்ளிகளைப் பயன்படுத்திவிடுவதும் நல்லது.